நுழைவுத் தேர்வு: பயிற்சி வகுப்பா, சுயமுயற்சியா?
அந்தமான் மாணவர்களுக்குச் சில வழிகாட்டுதல்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தோர் 3,80,581 பேர். 1967இல் போர்ட் பிளேரில் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியும், 1990இல் மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரியும் தோன்றின. 2015இல் மருத்துவக் கல்லூரியும் 100 இடங்களுடன் தொடங்கப்பட்டது. உயர்கல்வியின் வாயில் இவ்வாறு தீவுகளுக்குள்ளேயே திறக்கப்பட்டுள்ளது. எனினும் மருத்துவக் கல்விக்கு நீட் தேர்வும், பொறியியலின் முன்னணி நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. தேர்வும் கட்டாயமாகும். இவற்றுக்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதே பெற்றோரை வாட்டும் கேள்வி.

தொலைவும் செலவும்

சென்னையோ கொல்கத்தாவோ சென்று பயிலும் மாணவர் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான கடலைக் கடக்க வேண்டும். கட்டணத்துடன் விடுதிச் செலவு, பயணச் செலவு, குடும்பத்தைப் பிரிந்திருக்கும் மனச்சுமை ஆகியவையும் சேர்கின்றன. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே போன்ற ஊர்களில் வாழ்வோருக்குத் தலைநகரமான போர்ட் பிளேரே (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வெகுதொலைவு. ஆகவே, பெருநகர மாணவருக்குப் பொருந்தும் விடை இவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

முதலில் நோயறிதல்

முடிவெடுக்குமுன் மாணவர் ஒரு பழைய வினாத்தாளை உரிய நேரத்திற்குள் எழுதிப் பார்த்தல் நலம். நீட் தேர்வில் 180 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பு. 120 வினாக்களுக்கு விடையளித்து 90 சரி, 30 தவறு எனில் பெறுவது 330. எந்த 30 தவறாயின என்பதே மதிப்பெண்ணைவிட முக்கியமானது.

தவறுகள் மூவகைப்படும். கருத்தே விளங்காமையால் நேர்ந்தது முதல் வகை. இதற்கு ஆசிரியர் துணை வேண்டும். விளங்கியும் மறந்தமையால் அல்லது கணக்கில் இடறியமையால் நேர்ந்தது இரண்டாம் வகை. இதற்குத் தொடர்ந்த பயிற்சியே மருந்து. நேரமின்மையால் அவசரத்தில் நேர்ந்தது மூன்றாம் வகை. இதற்கு மாதிரித் தேர்வுகள் போதும். பின்னிரண்டு வகைகள் மிகுந்தோருக்குச் சுயமுயற்சி பெரிதும் பயன்தரும். முதல் வகை மிகுந்தோர் பள்ளி ஆசிரியரை முதலில் அணுகலாம். அதன் பின்னும் குறை நீங்காவிடில், அந்தப் பாடத்திற்கு மட்டும் பயிற்சி பெறலாம்.

கிடைக்கும் வசதிகள்

சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட கண்ணாடியிழைக் கம்பி 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. அது ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய தீவுப் பகுதிகளையும் இணைக்கிறது. கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் 2023இல் தொடங்கிய ‘சாத்தி’ இணையதளம் பாடங்களையும் மாதிரித் தேர்வுகளையும் இலவசமாக அளிக்கிறது. இணையம் தடைப்படும் இடங்களில் ‘ஸ்வயம் பிரபா’ தொலைக்காட்சி அலைவரிசைகள் உதவும். இவை அனைத்திற்கும் அடிப்படை என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களே. நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். எனினும் எந்த நடுவத்தில் எம்மொழி வினாத்தாள் கிடைக்கும் என்பதை அவ்வாண்டின் தகவல் கையேட்டில் சரிபார்த்தல் வேண்டும்.

பயிற்சி நிலையம் தேர்வோர் கவனத்திற்கு

2024 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 16 வயது நிரம்பாதோரைச் சேர்க்கலாகாது என்றும், தரவரிசையோ மதிப்பெண்ணோ உறுதி எனக் கூறி மாணவரை ஈர்க்கலாகாது என்றும் கூறுகின்றன. கட்டணம் முழுவதையும் செலுத்தி இடையில் விலகுவோருக்கு, எஞ்சிய காலத்திற்குரிய தொகையைத் திருப்பித் தரவேண்டும். எனவே ரசீதும் கட்டண விவரமும் எழுத்தில் பெறுவது பெற்றோர் கடமை.

சுயமுயற்சியின் பெருங்குறை, தவறைச் சுட்டிக்காட்ட ஒருவர் இல்லாமையே. பள்ளி நூலகத்தில் பழைய வினாத்தாள்களைத் தொகுத்து வைத்து, வாரம் ஒரு மாலை ஆசிரியர் முன்னிலையில் மாணவர்கள் கூடி விடைகளை விவாதிக்க ஏற்பாடு செய்தால் அக்குறையும் நீங்கும். பெருஞ்செலவில்லாத இப்பணியைத் தீவுகளின் கல்வி அலுவலர்கள் மேற்கொண்டால், கடல் கடக்க இயலாத குடும்பத்தின் பிள்ளையும் சமவாய்ப்புடன் தேர்வு எழுதும் நிலை உருவாகும்.