மூளைக்கு வரைபடம் வந்த கதை

கேள்வி: என் மகளின் அறிவியல் புத்தகத்தில் மூளைப் படம் போட்டு, பேச்சு இங்கே, பார்வை இங்கே, நினைவு இங்கே என்று அம்புக்குறி இட்டிருக்கிறார்கள். ஸ்கேன் வருவதற்கு முன்பே இதில் பெரும்பகுதி தெரிந்துவிட்டதாமே! எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: யாருக்கு எது போயிற்று என்று பார்த்துத்தான். அந்த அம்புக்குறிகளில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு நோயாளியோ, குண்டடி பட்ட ஒரு சிப்பாயோ இருக்கிறார்.

பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்றொருவர் 21 ஆண்டுகள் கிடந்தார். எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்பார். அதனால் அவர் பெயரே டான் ஆகிவிட்டது. பிறர் பேசுவது அவருக்குப் புரியும். கையால் சைகை காட்டிப் பதில் சொல்வார். கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசவு முழுசாக வந்து விழும்! 1861 ஏப்ரலில் கால் அழுகிப்போய் அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் வந்தார். சில நாளில் இறந்துபோனார். மண்டையைத் திறந்து பார்த்த புரோக்கா, பெருமூளையின் இடப்பக்க முன்மடல் சிதைந்திருக்கக் கண்டார். அதே ஆண்டு, ஒருசில சொற்கள் மட்டுமே பேசமுடிந்த முதியவர் லெலோங் இறந்தபோது, ஏறக்குறைய அதே இடத்தில் சேதம். இப்படிப் பல நோயாளிகளைப் பார்த்தபிறகு, 1865-ல், பேச்சு பெரும்பாலோருக்கு இடப்பக்க மூளையின் வேலை என்று புரோக்கா உறுதியாகச் சொன்னார். அந்த இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். டானின் பெயர் படத்தில் இல்லை. நியாயமாகப் பார்த்தால் இருந்திருக்க வேண்டும்.

1874-ல் ஜெர்மானிய மருத்துவரான கார்ல் வெர்னிக்கே இதன் மறுபக்கத்தைக் காட்டினார். காதுக்கு உள்பக்கமாக, சற்றுப் பின்தள்ளி மூளை பழுதானவர்கள் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் அவர்களுக்கு ஏறாது.

பார்வையின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டு பாய்ந்தும் பிழைத்த ஜப்பானியச் சிப்பாய்கள் பலர். ரஷ்யத் துப்பாக்கிக் குண்டு சிறியது, வேகமானது. ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறிவிடும். யாருக்கு எவ்வளவு பார்வை போயிற்று என்று பார்த்து ஓய்வூதியம் நிர்ணயிக்கும் வேலை கண் மருத்துவர் தட்சுஜி இனோவேயிடம் வந்தது. அவர் சான்றிதழ் எழுதியதோடு நிற்கவில்லை. குண்டு நுழைந்த ஓட்டையையும் வெளியேறிய ஓட்டையையும் அளந்து, அது மூளையில் போன வழியைக் கணக்கிட, தானே ஒரு கருவி செய்தார். கண்முன் எந்தப் பகுதி இருட்டாகிறது என்பதை அந்த வழியோடு ஒப்பிட்டார். 1909-ல் வெளியான அவரது வரைபடத்தின்படி, பார்வை பிடரி மடலில் இருக்கிறது. நாம் நேர்கொண்டு பார்க்கும் நடுப்பகுதிக்கு அங்கே மிகப் பெரிய இடம், ஓரப் பார்வைக்குக் கொஞ்சம். அடிப்படையில் அந்தப் படம் இன்றும் செல்லும்.

நினைவின் இடம் தெரிந்தது ஓர் அறுவை சிகிச்சையால். 1953-ல் அமெரிக்காவில், வலிப்பால் அவதிப்பட்ட 27 வயது இளைஞருக்கு மூளையின் இரு பக்கத்திலும் உள்ளே புதைந்திருக்கும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப் போன மருத்துவர் திரும்பி வந்தால் புது ஆள். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அந்த இளைஞருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் கோட்டைப் பென்சிலால் தொடரவேண்டும். நாளுக்கு நாள் கை தேறியது, ஆனால் முன்பு செய்த நினைவே அவருக்கு இல்லை! நினைவு என்பது ஒரே சரக்கல்ல, கைப்பழக்கத்துக்கு வேறு கிடங்கு என்று அப்போதுதான் தெளிவானது. எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் உலகம் அறிந்த அவர் ஹென்றி மொலாய்சன் என்பது 2008-ல் அவர் இறந்தபிறகே வெளியே தெரிந்தது.

மகளின் புத்தகத்தில் பெருமூளைக்குக் கீழே, பின்பக்கம் சிறுமூளை இருக்கும். உடலசைவை ஒழுங்குசெய்வது அது. சுமார் 1.4 கிலோ மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சின்னச் சிறுமூளையில்தான். மூச்சும் இதயத்துடிப்பும் அதற்கு முன்னால் உள்ள முகுளத்தின் பொறுப்பு.

ஓர் எச்சரிக்கை. அம்புக்குறி என்பது ஒரு வசதிக்காக. பேச்சானாலும் நினைவானாலும் பல பகுதிகள் கூடித்தான் வேலை நடக்கிறது.

கேள்வி: மனிதன் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறான் என்பது யார் சொன்னது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், நம் மன ஆற்றலில் சிறு பகுதியையே பயன்படுத்துகிறோம் என்று எழுதினார். அவர் சதவீதம் எதுவும் சொல்லவில்லை. 1936-ல் டேல் கார்னகியின் புகழ்பெற்ற நூலுக்கு முன்னுரை எழுதிய லோவல் தாமஸ், ஜேம்ஸ் பெயரில் பத்து சதவீதம் என்று போட்டுவிட்டார். சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் விடுவார்களா! உடல் எடையில் வெறும் 2 சதவீதமான மூளை, உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. தொண்ணூறு சதவீதம் சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடம்பு அவ்வளவு சோறு போடாது.

கேள்வி: மூளைக்கு வலியே தெரியாதாம். அப்படியென்றால் தலைவலி?
– வாசகர், ஓசூர்

பதில்: மூளைத் திசுவில் வலியுணரும் நரம்பு முனைகள் இல்லை. அதனால்தான் மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளியை விழித்திருக்கச் செய்து, பேசிக்கொண்டே மூளையை மின்சாரத்தால் தொட்டுப் பார்க்க முடிந்தது. மூளையைப் போர்த்திய உறைக்கும் ரத்தக்குழாய்களுக்கும் தலை, கழுத்துத் தசைகளுக்கும் வலி நன்றாகவே தெரியும். தலைவலி அங்கிருந்துதான் வருகிறது.

மூளையின் பழுது வலிக்காமலே வரலாம் என்பதும் இதனால்தான். வீட்டில் யாருக்காவது திடீரென்று பேச்சு குழறினால், வாய் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், தூங்கி எழட்டும் என்று விடாதீர்கள். அது மூளையின் ரத்தக்குழாயில் கட்டி அடைத்த பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உடனே 108-க்கு அழையுங்கள்.