துணி உலர்த்தும் இயந்திரமும் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயுவும்

மழைக்காலக் காலைப்பொழுது ஒன்றில் தாயும் மகனும் கடுந்தலைவலியோடும் குமட்டலோடும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தனர். முதல் நாள் இரவு உண்ட உணவே காரணம் என அவர்கள் எண்ணினர். விரலில் பொருத்திய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 விழுக்காடு காட்டியது. வீட்டில் வேறு யாருக்கேனும் இவ்வாறு உண்டா என்று வினவியபோதுதான், பாட்டிக்கு இரண்டு நாட்களாகத் தலைச்சுற்றல் இருப்பதும், கோயிலுக்குச் சென்றால் அது தணிவதும் தெரியவந்தது. வீட்டின் கீழ்த்தளத்தில் அவர்களே நடத்தும் சலவையகம். அங்கு எரிவாயுவில் இயங்கும் பெரிய உலர்த்தி ஒன்று இருந்தது. சாரல் உள்ளே வருகிறதென்று அதன் வெளியேற்றுக் குழாயின் வாயைச் சாக்குத்துணியால் அடைத்திருந்தனர்.

எரிவாயு சரிவர எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு அது பற்றிக்கொள்கிறது. சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாது. ஆகவே அது காட்டும் நல்ல எண்ணை நம்பி அமைதி கொள்ளலாகாது. தனி இரத்தப் பரிசோதனையே உண்மையைக் காட்டும். இதயநோயாளருக்கும், கருவுற்ற பெண்களின் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஆபத்து மிகுதி.

வீட்டில் நோயாளரைப் பேணுவோர் பலர் சலவைத்தொழிலை நடத்துவதாலோ, அத்தகைய கடையின் மேல்மாடியில் குடியிருப்பதாலோ இதனை விரிவாக எழுத நேர்ந்தது. எரிவாயு உலர்த்தியில் அடுப்பின் புகையும் துணியின் ஈரக்காற்றும் ஒரே குழாய் வழியாகவே வெளியேறுகின்றன. ஆதலின் அக்குழாய் கட்டடத்திற்கு வெளியே, திறந்தவெளியில் முடிதல் வேண்டும். படிக்கட்டிலோ, கூரை இடுக்கிலோ, பிறர் சன்னலருகிலோ அன்று. வளைவுகள் குறைந்த, உள்ளே வழவழப்பான கெட்டி உலோகக் குழாயே ஏற்றது. பிளாஸ்டிக் சுருள்குழாய் உருகவும் எரியவும் கூடும். இணைப்புகளில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகுகளில் துணிப்பஞ்சு சிக்கும். வெளிவாயில் கொசுவலை கட்டுவதும் அவ்வாறே அடைப்பை உண்டாக்கும். சாரலைத் தடுக்கக் காற்றோட்டத்தை மறிக்காத மூடியே போதும்.

இதைவிட அதிகம் மறக்கப்படுவது உள்ளே வரும் காற்று. உலர்த்தி வெளியே தள்ளுகின்ற அளவுக்கு அறைக்குள் புதுக்காற்று நுழைய வழியில்லையெனில் அடுப்பு மூச்சுத்திணறும். கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டினால் புகை திரும்ப உள்ளிழுக்கப்படலாம். குளிர்சாதன வசதி செய்தபின் கடை 'நன்றாக அடைபட்டது' என மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. எரிவாயு இணைப்பைத் தகுதியுள்ள தொழில்நுட்பரே செய்தல் வேண்டும். மூடும் வால்வு எளிதில் கைக்கெட்ட வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். மேல்மாடிப் படுக்கையறையருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துவது நன்று.

மின் உலர்த்தியில் இந்நச்சு உண்டாவதில்லை. எனினும் பஞ்சு தீப்பற்றும். வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைத்தல் வேண்டும். மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்த துண்டுகளில் எண்ணெய் எஞ்சியிருந்தால், அவை உலர்த்தியின் வெப்பத்தில் தாமாகவே சூடேறி எரியக்கூடும். அவற்றைக் கொடியில் உலர்த்துங்கள்.

ஒரே கூரையின் கீழ் பலருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றி, வெளியே சென்றால் தணியுமாயின் ஐயம் கொள்க. அனைவரும் உடனே வெளியேறி 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இந்நச்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணிநேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்ஸிஜன் அளித்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்.

அக்குடும்பத்தார் மூவரும் நலமடைந்து திரும்பினர். ஆயினும் சில வாரங்கள் கழித்தும் மறதி, நடைத்தடுமாற்றம், குணமாற்றம் தோன்றக்கூடும் என்பதால், பாட்டியை ஒரு மாதம் கூர்ந்து கவனிக்குமாறு மகனிடம் சொல்லியனுப்பினோம்.