கம்பம் பள்ளத்தாக்கின் போர் வரலாறும் தனிநூலகமும்: நூல் தெரிவிற்கான ஓர் அளவுகோல்

முன்னுரை

தேனி மாவட்டத்தின் போர் வரலாற்றை ஆராய்வோர்க்கு வேண்டிய சான்றுகள் பல துறை நூல்களில் சிதறிக் கிடக்கின்றன. நடுகல் தொல்லியலுக்கும், செப்பேடு கல்வெட்டியலுக்கும், கதைப்பாடல் நாட்டார் வழக்காற்றியலுக்கும், படைக்குறிப்பு கும்பினியார் ஆவணங்களுக்கும் உரியன. இவற்றை ஓரிடத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு மாவட்ட அளவில் அரிது. ஆதலின் ஆய்வாளர் தமக்கெனத் திரட்டும் தனிநூலகம் ஆய்வின் ஒரு பகுதியாகவே அமைகிறது. எந்த நூல் அலமாரியில் இல்லையோ, அந்நூல் கூறும் போரும் ஆய்வில் இடம்பெறாது போகிறது. ஒவ்வொரு போர்ச்செய்திக்கும் குறைந்தது இரு எதிர்நிலைச் சான்றுகள் கைவசம் இருத்தல் வேண்டும் என்பதே நூல் தெரிவிற்குரிய அளவுகோல் என இக்கட்டுரை முன்வைக்கிறது. இவ்வட்டாரத்தோடு தொடர்புடைய மூன்று நிகழ்வுகளின் வழி அவ்வளவுகோல் ஆராயப்படுகிறது.

ஆகோளும் பதிப்பாண்டும்

ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளைச் சுட்டுகிறது. அவ்வூரைக் கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கோடியிலுள்ள இன்றைய கூடலூராக அடையாளம் காண்பர். ‘ஆகோள்’ என்பது தொல்காப்பியம் வெட்சித்திணைக்கு வகுத்த துறைகளுள் ஒன்று. இலக்கண நூலின் துறைப்பெயர் கல்லிலும் காணப்படுவதால், புறத்திணையியலையும் அதன் உரைகளையும் இலக்கிய அடுக்கில் மட்டும் வைத்தல் போதாது. போர் வரலாற்று அடுக்கிலும் அவற்றுக்கு இடமுண்டு.

இங்குப் பதிப்பாண்டு முதன்மை பெறுகிறது. ஐராவதம் மகாதேவனின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுத் தொகுப்பு முதலில் வெளிவந்தது 2003இல். அப்பதிப்பை மட்டும் வைத்திருப்பவர் மூன்றாண்டுகளுக்குப் பின் வெளிப்பட்ட இந்நடுகற்களை அறியார். கா. ராஜன் 2015இல் வெளியிட்ட தொல்லெழுத்து முறை பற்றிய ஆங்கில நூல் அந்த இடைவெளியை நிரப்பும். இந்நடுகற்களின் காலத்தைக் கணிப்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுவதால், ஒருவர் கணிப்பை முடிந்த முடிபாகக் கொள்ளாது இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பயில்வதே தக்கது.

செப்பேடு கூறாத தோல்வி

கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சின்னமனூரில் கிடைத்த பெரிய, சிறிய செப்பேடுகள் பாண்டியர் வரலாற்றின் அடிப்படைச் சான்றுகள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் மூன்றாம் தொகுதியிலும், தமிழ் வரலாற்றுக் கழகம் 1967இல் வெளியிட்ட ‘பாண்டியர் செப்பேடுகள் பத்து’ என்னும் நூலிலும் இவற்றைக் காணலாம். பெரிய செப்பேடு இராசசிம்மனின் குலப்பெருமையையும் போர் வெற்றிகளையும் விரித்துரைக்கிறது. கொடை ஆவணம் வழங்கும் வேந்தன் தன் வெற்றிகளைக் கூறுவது இயல்பே. அவன் பின்னாளில் எய்திய வீழ்ச்சி அதில் இடம்பெற வழியில்லை.

அவ்வீழ்ச்சியை வேறு நூல்களில் தேட வேண்டியுள்ளது. முதலாம் பராந்தக சோழன் பாண்டிய நாட்டை வென்ற செய்தியைச் சோழர் சாசனங்கள் தருகின்றன. பாண்டியன் இலங்கையில் அடைக்கலம் புகுந்து, தன் முடியையும் அரச சின்னங்களையும் அங்கேயே விட்டுச் சென்றதைச் சூளவம்சம் குறிக்கிறது. இந்நூல் கெய்கரின் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. நீலகண்ட சாஸ்திரியின் பாண்டியர் வரலாறு (1929) இச்சான்றுகளை இணைத்துக் காண உதவும். செப்பேட்டுத் தொகுதியை மட்டும் வாங்கி வைத்தவரிடம் வெற்றியின் வரலாறே இருக்கும். சூளவம்சத்தை அதன் அருகில் வைத்தவர் போரின் முடிவையும் அறிவார்.

கான்சாகிபும் பெரியகுளமும்

1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானின் உடல் துண்டிக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டதாகவும், ஒரு கால் பெரியகுளத்தில் அடக்கம் செய்யப்பட்டதாகவும் மரபுச்செய்தி வழங்குகிறது. இதனை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் முதலில் நாடுவது ராபர்ட் ஓர்மின் படைநடவடிக்கை வரலாற்றை. ஆனால் ஓர்மின் வரலாறு 1761இல் புதுச்சேரியின் வீழ்ச்சியோடு முடிகிறது. அதில் யூசுப்கான் கும்பினியாரின் திறமை வாய்ந்த படைத்தலைவராகவே தோன்றுகிறார். அவர்களை எதிர்த்து மதுரைக் கோட்டையைக் காத்தவராக அங்கு அவரைக் காண இயலாது. அப்பகுதிக்கு எஸ்.சி. ஹில் 1914இல் எழுதிய வாழ்க்கை வரலாறும், 1882 முதல் வெளிவந்த வில்சனின் சென்னைப் படை வரலாறும் இன்றியமையாதன. எனினும் ஹில் தம் நூலின் தலைப்பிலேயே அவரைக் கலகக்காரர் எனக் குறித்துவிடுகிறார்.

நா. வானமாமலை பதிப்பிக்க மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்ட ‘கான்சாகிபு சண்டை’ இவ்விடத்தில் துணைநிற்கிறது. கதைப்பாடலில் நாள்களையும் படைத்தொகையையும் தேடுதல் பொருந்தாது. அப்போரை மக்கள் எவ்வாறு நினைவில் இருத்தினர் என்பதற்கு அது சான்று. படைக்குறிப்பில் மக்கள் நினைவைத் தேடுவதும் அவ்வாறே பயனற்றது. ஒவ்வொரு சான்றும் எதற்கு விடையளிக்க வல்லது என்பதை நூலின் முகப்பில் ஒரு சீட்டில் குறித்து வைப்பது நல்ல முறை.

படைக்கலப் பார்வை நூல்கள்

பாடலிலும் சாசனத்திலும் வரும் படைக்கலப் பெயர்கள் எப்பொருளைச் சுட்டுகின்றன என அறியப் படவிளக்கமுள்ள நூல்கள் தேவை. எகர்ட்டனின் இந்தியப் படைக்கலக் கையேடு (1880) பரந்த அறிமுகம் தரும். தென்னிந்தியப் படைக்கலங்களுக்கு ராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட நூல் சிறந்தது. அது படைக்கலங்களை அவற்றின் சடங்குப் பொருளோடு சேர்த்து ஆராய்கிறது. வளரியைப் பற்றி எழுதுவோர் ஜேம்ஸ் வெல்ஷின் நினைவுக்குறிப்புகளை (1830) விடுதல் ஆகாது. அதனை எறியச் சின்னமருதுவிடம் கற்ற செய்தியை அவரே பதிவு செய்துள்ளார். அதே மருதுவுக்கு எதிரான போரில் அவர் பங்கேற்றதையும் அந்நூலே காட்டுகிறது. ஒரே நூலில் மாணவரின் மதிப்பும் எதிரியின் பார்வையும் கலந்து நிற்பதற்கு இது எடுத்துக்காட்டு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, நூல்களை மொழிவாரியாகவோ துறைவாரியாகவோ பிரிக்காமல் நிகழ்வுவாரியாக அடுக்குதல். கான்சாகிபு சண்டையும் ஹில்லின் நூலும் ஒரே தட்டில் அமைதல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு நூலும் எந்த ஆண்டுவரை பேசுகிறது, எந்த ஆண்டில் பதிப்பிக்கப்பட்டது என இரண்டையும் பதிவேட்டில் குறித்தல். மூன்றாவது, புதிய நூல் வாங்குமுன் அலமாரியில் எதிர்ச்சான்று இல்லாத நிகழ்வு எதுவெனக் கண்டு அதற்கு முன்னுரிமை தருதல். பொருள்வளம் குறைந்த ஆய்வாளர்க்கு மூன்றாம் நெறி பெரிதும் பயன்படும். நூற்றுக்கணக்கில் நூல் சேர்க்க இயலாதவரும், கூடலூர் ஆகோள் முதல் கான்சாகிபு சண்டை வரை இருதரப்பும் கேட்டுத் தீர்மானிக்கத் தக்க ஒரு சிறு நூலகத்தை இவ்வழியில் அமைத்துக்கொள்ளலாம்.