7 கிலோ பையில் ஒரு வெளிநாட்டுப் பயணம்: லக்கேஜ் காசை மிச்சம் பிடிப்பது எப்படி?

விருத்தாசலத்துல இருந்து கோலாலம்பூர்ல இருக்கிற அக்கா வீட்டுக்கு நாலு நாள் போறீங்கன்னு வெச்சுக்குவோம். நம்ம ஊர் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் கொண்டு போகணும். திருச்சியில ஏர்ஏசியா விமானம். டிக்கெட் விலை குறைவு. ஆனா அந்த அடிப்படை டிக்கெட்ல செக்-இன் லக்கேஜ் கிடையாது. கையில 7 கிலோ மட்டும்தான். லேப்டாப் பையும் அதிலேயே அடக்கம்.

பாடம் 1: முதல்ல காலிப் பையை எடை போடுங்க

நம்மில் பலர் துணியைக் குறைப்போம், பையை மறந்துடுவோம். தோராயக் கணக்கு இது:

- சக்கரம் வெச்ச டிராலி: 2.8 கிலோ
- லேப்டாப், சார்ஜர்: 2 கிலோ
- 3 டி-ஷர்ட், ஒரு பேன்ட், உள்ளாடை, துண்டு: 1.6 கிலோ
- சோப்பு, பேஸ்ட், மருந்து: 0.4 கிலோ

மொத்தம் 6.8 கிலோ. பொம்மைக்கு மிச்சம் 200 கிராம்தான்! டிராலிக்குப் பதிலா 0.9 கிலோ முதுகுப்பை எடுத்தா, அதே சாமானோட 2.1 கிலோ இடம் கிடைக்கும். லீவுல போறவங்க லேப்டாப்பை வீட்டிலேயே விட்டா இன்னும் 2 கிலோ. ஜீன்ஸ், ஷூவை உடம்புல போட்டுக்கோங்க.

பாடம் 2: எது எங்கே?

பீங்கான் கையிலதான் வரணும். செக்-இன்ல போட்டு உடைஞ்சா, பெரும்பாலான விமான நிறுவனங்கள் பொறுப்பேற்காது. டி-ஷர்ட்டையே சுத்தி வைங்க. தனி பேக்கிங் தேவையில்லை. பவர் பேங்க்கும் கைப்பையில மட்டும்தான். அம்மா கொடுக்கிற ஊறுகாய், நெய்யை மட்டும் தவிர்த்துடுங்க. வெளிநாட்டு விமானத்துல 100 மில்லிக்கு மேல் உள்ள திரவப் பாட்டிலை கைப்பையில விடமாட்டாங்க.

பாடம் 3: மிச்சத்தை உடனே மாத்துங்க

ஒரு வழிக்கு லக்கேஜ் கட்டணம் 1,500 ரூபாய்னு வெச்சுக்கலாம். போக வர 3,000. வருஷத்துக்கு மூணு பயணம்னா 9,000, அதாவது மாசம் 750 ரூபாய். ஆனா இந்தக் காசு அக்கவுன்ட்லயே கிடந்தா, ஏர்போர்ட் காபியிலயும் ஷாப்பிங்லயும் கரைஞ்சிடும். டிக்கெட் புக் பண்ணின அன்னைக்கே அந்தத் தொகையை ஒரு தனி சேமிப்புக் கணக்குக்கு மாத்துங்க. அடுத்த டிக்கெட்டுக்கு கிரெடிட் கார்டைத் தேட வேண்டாம்.

இன்னொரு மிச்சமும் இருக்கு. விருத்தாசலம் ஜங்ஷன்ல பல ரயில்கள் ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். முதுகுப்பைன்னா ஓடிப்போய் ஏறலாம். திருச்சியில இறங்கி ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ இல்லாம டவுன் பஸ்லயே போகலாம்.

எப்போ லக்கேஜ் வாங்கணும்?

கல்யாணம், கைக்குழந்தை, நீண்ட நாள் தங்கல்னா தயங்காம வாங்குங்க. ஆனா டிக்கெட்டோட சேர்த்தே வாங்குங்க. கவுன்டர்ல போய் நின்னா கட்டணம் அதிகம். உள்நாட்டு விமானத்துக்கு விதி வேற. உதாரணமா, இண்டிகோவின் சாதாரண டிக்கெட்ல 15 கிலோ செக்-இன் சேர்ந்தே வரும். அதனால புக் பண்றதுக்கு முன்னாடி விதியைப் படிங்க.

இன்னைக்கு வீட்டுப்பாடம்: உங்க காலிப் பையை எடை போட்டு கமென்ட்ல எழுதுங்க. 1 கிலோவுக்குக் கீழ இருக்கா? அடுத்த வீடியோவில் சந்திப்போம்!