குழந்தையின் கோபமும் குளிர்ந்த நீரும்

கல்கத்தாவின் சிமுலியா பகுதியில் 1863ஆம் ஆண்டு பிறந்த நரேந்திரனுக்குக் குழந்தைப் பருவத்தில் கோபம் வந்துவிட்டால், வீட்டில் எவராலும் அவனை அடக்க இயலாது. மிரட்டலும் கெஞ்சலும் ஒருசேரத் தோற்றன. மகன் வேண்டுமென்று சிவபெருமானிடம் வேண்டினால், அவர் தம் பூதகணங்களில் ஒன்றையல்லவா அனுப்பிவிட்டார் என்று தாய் புவனேசுவரி தேவி சலித்துக்கொள்வாராம். இறுதியில் அவரே ஒரு வழி கண்டார். குழந்தையின் காதில் சிவ நாமத்தைக் கூறியபடி, தலையில் குளிர்ந்த நீரை ஊற்றுவார். நரேந்திரன் அடங்கிவிடுவான்.

பின்னாளில் சுவாமி விவேகானந்தர் என உலகம் அறிந்தவரின் வரலாற்றில் இந்நிகழ்ச்சி பெரும்பாலும் குழந்தையின் சிவபக்திக்குச் சான்றாகவே எடுத்துரைக்கப்படுகிறது. தாயின் நிதானம் நம் கண்ணில் படுவதில்லை. குழந்தை கொதித்துக்கொண்டிருந்தபோது அவர் உபதேசம் செய்யவில்லை. முதலில் உடலைக் குளிர்வித்தார், பழகிய ஒலி ஒன்றைக் காதில் சேர்த்தார்.

கோபத்திலிருந்து மயக்கமும், மயக்கத்திலிருந்து நினைவின் தடுமாற்றமும், அதனால் புத்தியின் அழிவும் உண்டாகும் என்று பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் படிப்படியாக விளக்குகிறது. பெரியவர்களுக்கே இந்நிலை என்றால், மூன்று வயதுக் குழந்தையின் நிலை என்ன? ஆராய்ந்து அடக்கும் மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னும் வளர்ந்துகொண்டிருப்பதாக இன்றைய அறிவியல் கூறுகிறது. கோபம் உச்சத்தில் இருக்கும்போது சொல்லப்படும் அறிவுரையைக் கேட்பதற்கு உள்ளே ஆளில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குட்இனஃப், தாய்மார்களைக் கொண்டு 45 குழந்தைகளின் கோபங்களை நாட்குறிப்பாக எழுதச் செய்து, 1931ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அதில் 1,878 கோபங்கள் பதிவாகியுள்ளன. பசி வேளையிலும், களைப்பிலும், நோயுற்ற நாட்களிலும் அவை மிகுந்திருந்தன. அடம் என்று நாம் தீர்ப்பளித்துவிடுவதில் எத்தனை வெறும் பசியோ!

ஆந்திர மாநிலத்தின் எல்லையில், குப்பத்தை அடுத்த குடுபல்லியை எண்ணிப் பார்க்கலாம். ஜோலார்பேட்டை–பெங்களூரு இருப்புப்பாதையில் அமைந்த ஊர் அது. வேலைக்காக ரயிலேறிச் சென்ற தந்தை இரவில் களைத்து வீடு திரும்புகிறார். குழந்தை பசியோடும் உறக்கத்தோடும் காத்திருக்கிறது. அப்பாவின் கைப்பேசியைக் கேட்டு, கிடைக்காமல், தட்டைத் தள்ளிவிடுகிறது. இப்போது அவ்வீட்டில் கோபம் கொண்டவர் இருவர். முதலில் தணிய வேண்டியவர் பெரியவரே. அவர் குரலை உயர்த்தினால், கத்துவதே வழி என்பதைக் குழந்தை அவரிடமே கற்றுக்கொள்ளும்.

அவர் தரையில் குழந்தையின் உயரத்திற்கு அமரலாம். அடிக்க ஓங்கும் கையை வலிக்காமல் பிடித்துக்கொள்ளலாம். தலையில் நீர் ஊற்ற வேண்டியதில்லை (மார்கழியில் அது வேறு தொல்லையில் முடியும்). முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கைப்பேசியை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால், நாளை இதே நேரத்தில் இன்னும் உரத்த அழுகை வரும். "கண்ணா, உனக்குக் கோபம் வந்திருக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும். உணர்ச்சிக்குப் பெயரிடும்போது அச்சத்தையும் பதற்றத்தையும் எழுப்பும் மூளைப் பகுதியின் வேகம் தணிவதை, பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் கண்டனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் அந்த எல்லைப்புறத்தில், மூன்று மொழிகளிலும் அதற்கு ஏறக்குறைய ஒரே சொல்தான்: கோபம்.

சிவன் கைலாயத்திற்குள் விடமாட்டார் என்றும் புவனேசுவரி தேவி மகனை அச்சுறுத்தியதுண்டு. அதை இன்று பின்பற்றத் தேவையில்லை. இறைவன் குழந்தைக்கு அச்சமாக அறிமுகமாவது நல்லதன்று.

தட்டைத் தள்ளியது பற்றி அன்றிரவே பேச வேண்டும் என்பதில்லை. மறுநாள் காலை, வயிறு நிறைந்து, குழந்தை தாயின் மடியில் சாய்ந்திருக்கும் வேளையில் கேட்கலாம்: "நேற்று ஏன் அவ்வளவு கோபம்?" பதில் வர நேரமாகும். அதுவரை தாய் காத்திருக்கலாம்.