தெரியாத சாமானின் விலை: பின்னமும் தசமமும் வரும் கணக்குகள்



கைத்தொலைபேசியில் கல்குலேட்டர் வந்த பிறகு, கணக்குத் தெரியாத வியாபாரி இனி இல்லை என்ற ஒரு நினைப்பு நம்மவரிடையே இருக்கிறது. பெருக்கவும் வகுக்கவும் அந்தக் கருவி போதும் என்பது உண்மைதான். ஆனால் எதை எதனால் வகுக்க வேண்டும் என்று அது சொல்லித் தராது. அதை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஒரு சின்ன உதாரணம். 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வற் பதிவுள்ள ஒருவர் வரியையும் சேர்த்து 2,950 ரூபாவுக்கு ஒரு பொருளை விற்கிறார். அதில் அரசாங்கத்துக்குப் போவது எவ்வளவு? பலர் உடனே 2,950 இல் 18 சதவீதத்தைத் தட்டிப் பார்த்து 531 என்று எழுதிவிடுவார்கள். அது பிழை. வரி போடப்பட்டது 2,950 மீது அல்ல, அதற்கு முன்னிருந்த விலை மீது. அந்த விலையை ‘ச’ என்று வைத்தால், 1.18 × ச = 2,950. இரு பக்கத்தையும் 1.18 ஆல் வகுக்க, ச = 2,500. வரி 450 ரூபா மட்டுமே. ஒரு பொருளில் 81 ரூபா வித்தியாசம். மாதம் 500 பொருள் விற்பவருக்கு அது 40,500 ரூபா.

இங்கே நாம் செய்தது பாடசாலையில் அட்சரகணிதம் என்று பெயர் சொல்லிப் பயமுறுத்திய அதே வேலைதான். அந்தப் பயம் நமக்கு வந்திருக்கவே கூடாது, ஏனென்றால் இது நமது சொத்து. கி.பி. 820க்கும் 830க்கும் இடைப்பட்ட காலத்தில், கலீபா மஃமூன் ஆட்சியில், பக்தாதில் இருந்த முஹம்மத் இப்னு மூஸா அல்-க்வாரிஸ்மி என்ற அறிஞர் ‘அல்-ஜப்ர் வல்-முகாபலா’ பற்றிய நூலை எழுதினார். அல்ஜீப்ரா என்ற சொல்லே அந்த நூலின் பெயரிலிருந்து வந்ததுதான். வாரிசுப் பங்கு, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், காணி அளத்தல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படுவதற்காக எழுதுவதாக அவரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். அவர் மனதில் இருந்த வாசகர்களில் கடைக்காரரும் இருந்தார் என்பதை நமது கணக்கு வாத்தியார்மார் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த நூலில் கூட்டல் குறியும் கிடையாது, சமன் குறியும் கிடையாது. எல்லாமே வசனங்கள். தெரியாத தொகைக்கு அவர் வைத்த பெயர்களில் ஒன்று ‘ஷைஉ’. ஒரு பொருள் என்று அர்த்தம். நமது கடைப் பேச்சில் சொன்னால் ‘சாமான்’. ஆகவே இந்தக் கட்டுரையில் தெரியாத தொகையைச் சாமான் என்றே சொல்வோம், சுருக்கமாக ‘ச’.

இனிப் பின்னத்துக்கு வருவோம். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபர் 14 இல் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16 இல் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. அதன் பிறகு இந்தியச் சாரம், சேலை என்ற பேச்சு இந்தப் பக்கத்தில் கூடிவிட்டது. ஒரு கடையில் ஒரு லொட் சாரம் இறக்கினார்கள் என்று வைப்போம். வந்த தொகையை எழுதிய சிட்டை தொலைந்துவிட்டது. லொட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் வாரம் காசுக்கு விற்றது. நான்கில் ஒரு பங்கு சுன்னாகத்துக் கடையொன்றுக்குக் கடனுக்குப் போனது. 12 சாரம் கறைபட்டு ஸதகாவாகக் கொடுக்கப்பட்டது. றாக்கையில் 88 இருக்கிறது. வந்தது எத்தனை?

ச/3 + ச/4 + 12 + 88 = ச

பின்னம் இருக்கும்வரை கணக்கு கண்ணைக் கட்டும். முதல் வேலை அதை ஒழிப்பது. 3க்கும் 4க்கும் பொது மடங்குகளுள் சிறியது 12. எல்லாவற்றையும் 12 ஆல் பெருக்குங்கள்:

4ச + 3ச + 144 + 1,056 = 12ச
7ச + 1,200 = 12ச
1,200 = 5ச
ச = 240

சரிபார்க்க: 80 + 60 + 12 + 88 = 240. கடனுக்குப் போனது 60 என்பதும் கூடவே கிடைத்துவிட்டது. அந்த எண் இல்லாமல் சுன்னாகத்தாரிடம் போய் நின்றால் அவர் சொன்னதுதான் கணக்கு.

நம் பிள்ளைகள் பரீட்சையில் விடும் பிழையும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. பின்னம் உள்ளவற்றை மட்டும் 12 ஆல் பெருக்கிவிட்டு, 12 சாரத்தையும் 88 சாரத்தையும் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது 7ச + 100 = 12ச, ச = 20 என்று வரும். இருபது சாரம் வந்த லொட்டில் 88 மீதியா? தராசின் ஒரு தட்டில் உள்ள ஒரு மூட்டையை மட்டும் பன்னிரண்டு மடங்காக்கிவிட்டுப் பக்கத்து மூட்டையை விட்டால் முள் நடுவில் நிற்குமா? சமன்பாடு என்பது தராசு, அவ்வளவுதான். இந்தப் பக்கம் செய்ததை அந்தப் பக்கமும், முழுவதற்கும் செய்ய வேண்டும்.

அடுத்தது பங்காளிச் சண்டை. ஒருவர் முதல் போட்டார், மற்றவர் கடையைப் பார்த்தார். சம்பளத்துக்கு மேல், ‘மிஞ்சுகிற இலாபத்தில் பத்து சதவீதம் உனக்கு’ என்று வாயால் பேசிக்கொண்டார்கள். வருட முடிவில் இலாபம் 660,000 ரூபா. கடையைப் பார்த்தவர் 66,000 என்கிறார். முதல் போட்டவர், உன் பங்கைக் கழித்து எனக்கு மிஞ்சுவதில்தான் பத்து சதவீதம் என்கிறார். இரண்டாமவர் சொல்வது எவ்வளவு என்று அவருக்கே சொல்லத் தெரியாது. பங்கு தெரிந்தால்தான் மிச்சம் தெரியும், மிச்சம் தெரிந்தால்தான் பங்கு தெரியும். வால் தலையைக் கடிக்கிற இந்த மாதிரிக் கணக்குக்கு சமன்பாட்டை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

ச = 0.1 × (660,000 − ச)

தசமத்தை ஒழிக்க 10 ஆல் பெருக்குங்கள்:

10ச = 660,000 − ச

வலப்பக்கத்தில் ஒரு சாமான் குறைபட்டு நிற்கிறது. அந்தக் குறையை நிரப்ப இரு பக்கமும் ஒரு சாமான் கூட்டுங்கள். 11ச = 660,000. ச = 60,000. இந்தக் குறை நிரப்பும் வேலைக்குத்தான் அல்-ஜப்ர் என்று பெயர். முறிந்த எலும்பைப் பொருத்தி வைப்பதற்கும் அரபியில் இதே சொல் வரும். சாரக் கணக்கில் இரு பக்கமும் இருந்த 7 சாமானை ஒன்றுக்கொன்று கழித்தோமே, அது முகாபலா.

ஆக, சண்டை 6,000 ரூபாவுக்கு. இருவருமே பொய் சொல்லவில்லை. ஒரே வசனத்தை இரண்டு விதமாக விளங்கியிருக்கிறார்கள். கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைக்கும்படி ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் ஏவுவதை நாம் எல்லோரும் அறிவோம். பங்கு ஒப்பந்தம் எழுதும்போது கூடவே ஓர் உதாரணத் தொகையைப் போட்டு, இலாபம் இவ்வளவானால் உனக்கு இவ்வளவு என்றும் எழுதிவிடுங்கள். 660,000 என்றால் 60,000 என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

இனிக் கருவாடு. மயிலிட்டியில் ஒரு லொட் கருவாடு இருக்கிறது. புறக்கோட்டையில் கிலோ 1,500 ரூபாவுக்குப் போகும் என்று தெரியும். வழியில் காய்ந்தும் நொறுங்கியும் 5 சதவீதம் எடை குறையும். புறக்கோட்டை முகவர் விற்ற பணத்தில் 8 சதவீதம் தரகு எடுப்பார். நாம் வாங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் லொறிக் கூலி 42.50. போட்ட செலவில் ஐந்தில் ஒரு பங்கு இலாபம் வேண்டும். அப்படியானால் ஆகக் கூடியது என்ன விலைக்குக் கேட்கலாம்?

மனக்கணக்கு வியாபாரி இப்படிப் போவார்: 5, 8, 20 கூட்டினால் 33 சதவீதம். 1,500 இல் அதைக் கழித்தால் 1,005. கூலியும் போக 962.50. அதற்கு மேல் ஒரு சதமும் ஏறமாட்டேன் என்று பிடிவாதமாக நிற்பார். இந்த மூன்று சதவீதங்களும் மூன்று வேறு தொகைகளின் மீது வருபவை. ஒன்று எடையின் மீது, ஒன்று விற்ற பணத்தின் மீது, ஒன்று போட்ட செலவின் மீது. அவற்றை ஒன்றாகக் கூட்டுவது, கிலோவையும் யாரையும் மீற்றரையும் கூட்டுவது போல. முறையாக எழுதினால்:

6/5 × (ச + 42.50) = 0.92 × 0.95 × 1,500

வலப்பக்கம் 1,425 ஆகி, பிறகு 1,311 ஆகிறது. 5 ஆல் பெருக்க 6 × (ச + 42.50) = 6,555. 6 ஆல் வகுக்க ச + 42.50 = 1,092.50. ச = 1,050.

அடைப்புக்குறியை முதலில் விரிக்காமல், வெளியே நிற்கும் 6 ஆல் வகுத்தது வேலையைப் பாதியாக்கியதைக் கவனியுங்கள். சரிபார்த்தால், செலவு 1,092.50, அதில் ஐந்தில் ஒன்று 218.50, இரண்டும் சேர்ந்து 1,311. மனக்கணக்கு வியாபாரி கிலோவுக்கு 87.50 ரூபா குறைத்துக் கேட்டு, லொட்டை 1,000 ரூபா சொன்னவரிடம் விட்டுவிட்டு வருவார். பிழைக் கணக்கு நட்டத்தை மட்டும் தரும் என்று நினைக்காதீர்கள், வர வேண்டிய வியாபாரத்தையும் துரத்தும். நட்டம் கொப்பியில் தெரியும், இது எங்கும் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. 1/3 ஐ 0.33 என்று எழுதிவிட்டுக் கணக்கை நடத்தாதீர்கள். 12 இலட்சத்தில் மூன்றில் ஒன்று 400,000. அதையே 0.33 ஆல் பெருக்கினால் 396,000. இடையில் வெட்டிய தசமம் நாலாயிரத்தைத் தின்றுவிட்டது. 1/4, 1/8 போன்றவை 0.25, 0.125 என்று சுத்தமாக முடியும், பிரச்சினை இல்லை. மற்றவற்றைக் கடைசிவரை பின்னமாகவே கொண்டுபோங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது மக்களில், உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்திருந்த தலைமுறை ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு துண்டுக் காணி, பிள்ளைகளில் ஒருவர் இங்கே, இருவர் புத்தளத்தில். விற்பதா வைத்திருப்பதா என்ற பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. அல்-க்வாரிஸ்மியின் நூலிலும் மிகப் பெரிய பகுதி மரண சாசனமும் வாரிசுப் பங்குமாகவே இருக்கிறது. அதற்கு வேலை இன்றும் இருக்கிறது.

வாப்பா மௌத்தாகிவிட்டார். அவரது பெற்றோர் முன்பே மௌத்து. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்மார். வாப்பாவின் கடன் 230,000 ரூபா. காணியை விற்றால் தரகர் 2 சதவீதம் எடுப்பார். புத்தளத்தில் இருக்கும் மகளுக்கு, பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போட 7 இலட்சம் தேவை. காணி குறைந்தது எவ்வளவுக்குப் போக வேண்டும்?

தரகும் கடனும் முதலில் போகும். மீதியில் மனைவிக்கு 1/8. எஞ்சிய 7/8 இல் மகனுக்கு இரண்டு பங்கு, மகள்மாருக்கு ஒவ்வொன்று, ஆக நான்கு பங்கு. ஒரு மகளுக்கு 7/8 இல் கால்வாசி, அதாவது 7/32.

7/32 × (0.98ச − 230,000) = 700,000

32 ஆல் பெருக்கி 7 ஆல் வகுக்க:

0.98ச − 230,000 = 3,200,000

குறையை நிரப்ப:

0.98ச = 3,430,000

100 ஆல் பெருக்கி 98 ஆல் வகுக்க, ச = 3,500,000.

முப்பத்தைந்து இலட்சம். அந்த விலைக்குப் போனால் உம்மாவுக்கு 4 இலட்சம், மகனுக்கு 14 இலட்சம், மகள்மாருக்கு 7 இலட்சம் வீதம். கூட்டிப் பாருங்கள், 32 இலட்சம் சரியாக வரும்.

வாங்க வந்தவர் 30 இலட்சத்தில் நிற்கிறார் என்றால் அதே சமன்பாட்டில் ‘ச’ இருக்கும் இடத்தில் 3,000,000 ஐப் போடுங்கள். மகளுக்கு வருவது 592,812 ரூபா 50 சதம். கூரைக்கு 107,187.50 குறைகிறது. ஐந்து இலட்சம் விலை இறங்கினால் அவளுக்கு எவ்வளவு குறையும் என்பதை, கையெழுத்துப் போட நொத்தாரிசிடம் போவதற்கு முன் நாலு பேரும் ஒரே தாளில் பார்த்துவிடலாம்.

அடுத்த வாரத்துக்கு முன் நீங்களே செய்து பார்க்க ஒன்று. ஒரு மூட்டை அரிசியில் ஐந்தில் இரண்டு பங்கு சில்லறையில் போனது, மீதியில் கால்வாசி கடனுக்குப் போனது, 1.5 கிலோ எலி தின்றது, 21 கிலோ மிச்சம். மூட்டை எத்தனை கிலோ? ‘மீதியில் கால்வாசி’ என்ற சொல்லில் கவனம்.