ஓட்டம் விருந்துக்குக் கட்டும் அபராதமா?

நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங். அமெரிக்க வீடுகளில் அன்று காலை வான்கோழி ஓவனுக்குள் போனால் வெந்து வெளியே வர நான்கைந்து மணி நேரமாவது ஆகும். அந்த இடைவெளியில் ஊருக்கு ஊர் ஜனம் தெருவில் இறங்கி ஓடுகிறது. வருடத்தில் வேறெந்த நாளிலும் இத்தனை அமெரிக்கர்கள் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுப்பதில்லை. ஜூலை 4 சுதந்திர தினம்கூட இதற்கு அடுத்தபடிதான். 'டர்க்கி ட்ராட்' என்று பெயர். தலையில் வான்கோழித் தொப்பி, கையில் குழந்தை வண்டி, பக்கத்தில் கல்லூரிக் காலத்து நண்பன். ஓடப் பிடிக்காதவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு பேராகக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே குடியேறிய நம்மவர்களின் வாட்சப் குழுக்களிலும் அந்த வாரம் இதே பேச்சுதான். பேச்சோடு பேச்சாகச் சில நம்பிக்கைகளும் வருடாவருடம் சுற்றி வருகின்றன.

நம்பிக்கை: காலையில் 5 கிலோமீட்டர் ஓடிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குச் சரியாகிவிடும்.

ஆகாது. ஓட்டத்தில் செலவாகும் சக்திக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி. 70 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 350. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது. அந்த அரைமணி நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தாலே 35 கலோரி போயிருக்கும், அதையும் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவதை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள்: கடைசியில் வரும் பெக்கான் பை ஒரு துண்டே 500 கலோரி. பூசணிக்காய் பை கொஞ்சம் சாது, 300 சொச்சம். வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் ஊற்றுகிற கிரேவி, ஸ்டஃபிங், கிரான்பெர்ரி சாஸ், வான்கோழி எதையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. சைக்கிள்காரர்கள் தங்கள் கணக்கு பெரிது என்பார்கள். ஒரு மணி நேரம் மிதமாக மிதித்தால் 500 போகும். உண்மைதான். போன சுவடு தெரியாமல் ஒரே தட்டில் திரும்பியும் வந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான பயமும் ஒன்று உண்டு. தேங்க்ஸ்கிவிங்கில் ஆரம்பித்துப் புத்தாண்டுக்குள் இரண்டு மூன்று கிலோ ஏறிவிடும் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு 195 பேரை உண்மையிலேயே தராசில் ஏற்றிப் பார்த்தது. நவம்பர் பின்பாதியிலிருந்து ஜனவரி வரை ஏறியது சராசரியாக 0.37 கிலோ. தமாஷ் என்னவென்றால், தங்களுக்கு எவ்வளவு ஏறியிருக்கும் என்று அந்த 195 பேரும் சொன்ன கணக்கு இதைப்போல நான்கு மடங்கு. கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு: ஏறிய அந்தக் கொஞ்சம் அதற்குப் பிறகு சரியாக இறங்கவில்லை. ஆகவே ஒரு வியாழக்கிழமையை மட்டும் நிறுத்தி வைத்து விசாரிப்பதில் அர்த்தமில்லை. சாப்பாட்டையும் விசாரிக்க வேண்டாம், ஓட்டத்தையும் விசாரிக்க வேண்டாம்.

நம்பிக்கை: சாப்பிடப்போகும் பாவத்தைக் கழுவத்தான் இந்த வழக்கமே வந்தது.

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1896 நவம்பர் 26, தேங்க்ஸ்கிவிங் நாள். நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக் கரையில் இருக்கும் பஃபலோ நகரத்து ஒய்.எம்.சி.ஏ. ஒரு ஓட்டம் வைத்தது. வந்தவர்கள் ஆறு பேர். முடித்தவர்கள் நான்கு பேர். அவ்வளவுதான். அந்த ஓட்டம் இன்றும் நடக்கிறது, 8 கிலோமீட்டர் தூரம், ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிறார்கள். அந்த ஆறு பேர் காலத்தில் கலோரி என்ற கணக்கு வீடுகளுக்குள் வந்திருக்கவில்லை. வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார் என்பது வாஸ்தவம். ஆனால் அவருடைய அக்கறை கூலித் தொழிலாளி குறைந்த காசில் எப்படி அதிக கலோரி வாங்கிச் சாப்பிடலாம் என்பது! எடை குறைக்கக் கலோரி எண்ணும் பழக்கத்தை அமெரிக்க வீட்டுக்குள் கொண்டுவந்தது லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற டாக்டரம்மா எழுதி 1918-இல் வந்த புத்தகம். பஃபலோ ஓட்டத்துக்கு அப்போது 22 வயது. கனெக்டிகட் மாநிலத்து மான்செஸ்டரில் 1927-இல் தொடங்கிய இன்னொரு தேங்க்ஸ்கிவிங் ஓட்டத்திலும் முதல் வருடம் ஒரு டஜன் பேர்தான். ஊர்ப் பையன்கள் விடுமுறையில் பந்தயம் வைத்து ஓடியதுதான் இதன் ஆரம்பம். பரிகாரம் என்கிற பேச்செல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது.

சைக்கிள்காரர்களின் கதை இன்னும் சுவாரசியம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில் ஃபேர்ஃபாக்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1970-களில் அங்கே ஒரு நண்பர் கூட்டம், உலகப் போருக்கு முந்தைய ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, டமால்பயஸ் மலையைச் சுற்றியுள்ள மண் பாதைகளில் ஓட்டித் திரிந்தது. கொழுத்த பலூன் டயர், கனத்த இரும்புச் சட்டம். பிரேக் கையில் இல்லை. பெடலைப் பின்னால் மிதித்தால் பின் சக்கரத்து ஹப் பிடிக்கும். செங்குத்தான ஓர் இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் சூடேறிப் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த இறக்கத்துக்கே அதனால் 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1976 அக்டோபரில் அங்கே நேரம் குறித்துப் பந்தயமும் வைத்தார்கள். இன்று உலகம் முழுக்க விற்கிற மவுண்டன் பைக்கின் பிறப்பிடங்களில் முக்கியமானது அந்த மலை. அந்தப் பந்தயத்துக்கு அடுத்த வருடமே, அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் மலைக்கென்றே சட்டத்தைக் கட்டி ஒரு சைக்கிள் செய்துவிட்டார்.

இதே கூட்டம் தேங்க்ஸ்கிவிங் காலையில் பைன் மவுண்டனைச் சுற்றி ஒரு சவாரி போக ஆரம்பித்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அப்பிடைட் செமினார்'. மலையேறி, சேறு பூசி, வயிறு காய்ந்து வீடு திரும்பினால் விருந்து ருசிக்கும், அதுதான் கணக்கு. எரிப்பதற்காகப் போகவில்லை, பசிப்பதற்காகப் போனார்கள். எனக்கு இந்தக் கணக்குதான் பிடித்திருக்கிறது.

   

நம்பிக்கை: சேர்ந்து போவதென்றால் எல்லாரும் ஒரே வேகக்காரர்களாக இருக்க வேண்டும்.

ஓட்டத்தில் இது ஓரளவு சரி. சைக்கிளில் முக்கால்வாசி தவறு. சமதரையில் சைக்கிள்காரரின் பெரிய எதிரி காற்று. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவருடைய பின் சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு வேலை குறைகிறது. ஆக்சிஜன் செலவை அளந்து பார்த்திருக்கிறார்கள்: மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் 18 சதவீதம் மிச்சம், 40-இல் 27 சதவீதம். வருடம் முழுக்க மிதிக்கும் நண்பரும் ஊருக்கு வந்தால் மட்டும் சைக்கிள் தொடும் நண்பரும் ஒரே வரிசையில் போவது இதனால்தான் சாத்தியமாகிறது. முன்னால் போகிறவர் ஏமாளி என்று நினைக்க வேண்டாம். பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் முன்னவரின் முதுகுப் பக்கத்துக் காற்றுச் சுழலும் கொஞ்சம் அடங்கும். அவருக்கும் 2, 3 சதவீதம் லாபம் என்று ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கன் கணக்கிட்டுக் காட்டினார்.

ஆனால் இந்தச் சலுகைக்கு ஒழுங்கு முக்கியம். முன்னால் போகிறவர் குழியைக் கையால் சுட்டிக்காட்ட வேண்டும், சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது. பின்னால் வருகிறவர் தன் முன் சக்கரத்தை அடுத்தவரின் பின் சக்கரத்தோடு பக்கவாட்டில் பின்னிக்கொள்ளக் கூடாது. இரண்டு சக்கரமும் உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான். கடைசியில் வருகிறவர் "கார் பேக்" (பின்னால் கார்) என்று கத்துவது மரியாதைக் குறைவல்ல, அது அவர் வேலை. மலை ஏற்றத்தில் இந்த ஏற்பாடு எதுவும் செல்லாது. வேகம் குறைந்தால் காற்றும் குறைந்துவிடும், அங்கே அவரவர் எடையை அவரவர்தான் இழுக்க வேண்டும். உச்சியில் காத்திருப்பதுதான் நட்புக்கு அடையாளம்.

ஓட்டத்தில் காற்றுச் சலுகை சொற்பம். அங்கே வேகமானவர்தான் இறங்கி வர வேண்டும். முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்ப்பதுதான் எளிய அளவு; மெதுவான நண்பர் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல ஆரம்பித்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இப்படி மெதுவாக ஓடினால் பயிற்சி வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: பந்தய வீரர்களே தங்கள் வாராந்தர தூரத்தில் பெரும்பகுதியை இந்தப் பேசுகிற வேகத்தில்தான் ஓடுகிறார்கள்.

கூட்டமாகச் செய்தால் களைப்பு தெரியாது என்பது வெறும் பேச்சா? முழுக்க அல்ல. இண்டியானாவில் நார்மன் டிரிப்ளட் என்ற உளவியல் ஆய்வாளர், தானும் ஒரு சைக்கிள் பிரியர், 1897-ஆம் ஆண்டுப் பந்தயப் பதிவேடுகளைப் புரட்டி, தனியாக ஓட்டியவர்களைவிடத் துணையோடோ போட்டியோடோ ஓட்டியவர்கள் வேகமாக இருந்ததைக் கவனித்தார். பிறகு குழந்தைகளிடம் தூண்டில் உருளையைச் சுற்றச் சொல்லிச் சோதித்து 1898-இல் வெளியிட்டார். சமூக உளவியலின் முதல் பரிசோதனை என்று பாடப்புத்தகங்களில் வருவது இதுதான். ஆனால் அந்தக் குழந்தைகளின் எண்களை 2005-இல் மறுபடி அலசியபோது வித்தியாசம் மிக மெலிதாகவே தேறியது என்பதைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அதைவிட நம்பகமாகப் படுவது ஆக்ஸ்ஃபோர்டின் துடுப்பு வீரர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வு. வெறும் 12 பேர்தான். தனித்தனியாகத் துடுப்புப் போட்ட நாளைவிட, அதே உழைப்பைச் சேர்ந்து போட்ட நாளில் அவர்கள் அதிக வலியைத் தாங்கினார்கள்.

நம்பிக்கை: ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்.

மாமாக்கள் வருடம் தவறாமல் எழுப்பும் கேள்வி. 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் முட்டியிலோ இடுப்பிலோ மூட்டுத் தேய்மானம். ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்கென்று கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3. ஆக, மாமா பயப்படுகிற ஆட்கள் வேறு. 1968-இல் பாஸ்டன் மாரத்தானை வென்ற ஆம்பி பர்ஃபுட், மான்செஸ்டர் தேங்க்ஸ்கிவிங் ஓட்டத்தை 1963-இலிருந்து அறுபது வருடம் விடாமல் ஓடினார், அதில் ஒன்பது முறை முதலாவதாக வந்தார். ஒரு மனிதரின் முட்டி ஆதாரம் ஆகாது. இருந்தாலும் மாமாவிடம் சொல்லிப் பார்க்கலாம். உண்மையில் அடிபடுகிறவர்கள் பத்து மாதமாக ஓடாமல் இருந்துவிட்டு, பழைய நண்பனைப் பார்த்த உற்சாகத்தில் முதல் கிலோமீட்டரிலேயே பாய்கிறவர்கள். அப்படிப் பாய்ந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

நம்பிக்கை: முன்வரிசையில் நின்றால் நேரம் மிச்சமாகும்.

உங்கள் நம்பர் அட்டையின் பின்னாலோ ஷூவிலோ ஒரு சிப் இருக்கிறது. கோட்டில் விரித்த பாயைத் தாண்டும்போதுதான் உங்கள் கடிகாரம் தொடங்கும். பரிசு வாங்கப்போகிறவர்களுக்கு மட்டும் பல ஓட்டங்களில் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து கணக்கு. குழந்தை வண்டிக்காரர்கள் தயவுசெய்து பின்னால்.

நம்பிக்கை: வான்கோழிக் கறியில் தூக்க மருந்து இருக்கிறது.

டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்தைச் சொல்கிறார்கள். வான்கோழியில் இருக்கும் அளவு நம் ஊர்க் கோழியிலும் இருக்கிறது, செடார் சீஸில் எடைக்கு எடை அதைவிட அதிகம். பிரியாணிக்குப் பின் வரும் தூக்கம்தான் இதுவும்: ஒரேயடியாகச் சாப்பிட்ட மாவுச்சத்தும் கொழுப்பும், கூடவே ஒயினும். அதிகாலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து ஓடியவருக்கு வேறு காரணம் தேடவும் வேண்டியதில்லை.

நம்பிக்கை: அந்தக் குளிரில் ஓடினால் நுரையீரல் கெட்டுவிடும்.

மூக்கும் தொண்டையும் காற்றைச் சூடாக்கித்தான் உள்ளே அனுப்புகின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வாயை மூடித் துணி கட்டிக்கொண்டு போகட்டும். குளிரில் தொல்லை தருவது வியர்வையில் நனைந்த பருத்தி பனியன். நண்பர்களில் ஒருவர் ஓட, இன்னொருவர் சைக்கிளில் தனியே போனால் இருவருக்கும் ஒரே உடை போதாது. காற்றே இல்லாத 0 டிகிரியில், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவருக்கு அது மைனஸ் 3 போல இருக்கும். 25-இல் மிதிப்பவருக்கு மைனஸ் 6. ஓடுகிறவர் உடம்பிலிருந்து கிளம்பும் சூடும் அதிகம். சைக்கிள்காரருக்கு விரல்தான் முதலில் மரத்துப்போகும், அந்த விரலால்தான் பிரேக் பிடிக்க வேண்டும்.

நம்பிக்கை: விடுமுறை நாள், ரோடு காலி, பயமில்லை.

காலையில் அப்படித்தான். மதியத்துக்குப் பிறகு ஒரு வீட்டு விருந்திலிருந்து இன்னொரு வீட்டு விருந்துக்குக் கார்கள் கிளம்பும், ஓட்டுகிறவர்களில் சிலர் ஒயின் குடித்திருப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்திருப்பதால் இருட்டும் சீக்கிரம் வரும். பாஸ்டனில் அந்த வாரம் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு "ஒரு சுற்று போய் வரலாமா?" என்று யாராவது கேட்டால், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.